பெரியம்மாவின் பண்ணை

இயற்கை உரம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு இதற்கு முன் தெரியாது. இப்போது முழங்கை வரை சாணத்துக்குள் இருந்தான்.

"பெரியம்மா, இன்னும் நாலு கூடை அள்ளிப் போடட்டுமா?" என்று உருகினான்.

கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள், "அலுப்பா இல்லைன்னா போடேன்" என்றாள். அவன் அலுப்பைப் பற்றிய அவளுடைய அக்கறை அத்தோடு முடிந்தது.

கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் உறவுக்காரன். சொத்தோடு தனியாக இருப்பவர்களை மோப்பம் பிடித்துப் போய் ஒட்டிக்கொள்வான். ஓரிடத்தில் சித்தப்பா, இன்னோரிடத்தில் அத்தை. அழுது, சிரித்து, கால் பிடித்து, கடைசியில் வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிவிடுவான். அப்புறம் சித்தப்பா முதியோர் இல்லத்தில் இருப்பார். உறவுக்காரன் அடுத்த உறவைத் தேடிப் போயிருப்பான்.

'இயற்கைக் குடும்பப் பண்ணையில் தொண்டு செய்ய வாருங்கள். சம்பளம் இல்லை, சாப்பாடும் பாசமும் உண்டு' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அவனுக்கு எச்சில் ஊறியது. வந்து பார்த்தால், குடும்பம் என்று இருந்ததே பெரியம்மா ஒருத்திதான். ஓட்டு வீடு, கிணறு, வேலி வரை பச்சை. பிள்ளை இல்லை, குட்டி இல்லை.

ஒரே சங்கடம், பெரியம்மா பாசத்தை வேலையால் அளந்தாள்.

"மருந்து அடிக்கறது பாவம்ப்பா. புழுவை ஒவ்வொண்ணா கையாலேயே பொறுக்கிடு."

பொறுக்கினான். களை பிடுங்கினான். கோழிக்கூண்டு கழுவினான். குழாய்த் தண்ணீர் வேகமாக விழுந்தால் செடிக்கு வலிக்கும் என்று அவள் சொன்னதால், குடத்தில் சுமந்து ஊற்றினான். முதுகு வில்லாக வளைந்தது. போகட்டும், எல்லாம் நம் நிலத்துக்குத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

தக்காளி பழுத்துக் குலுங்கிய ஒரு காலையில், அவள் காலைப் பிடித்துவிட்டபடியே மெல்ல ஆரம்பித்தான்.

"உங்களுக்கப்புறம் இந்த மண்ணு கண்டவன் கைக்குப் போயிடுமோன்னு நினைச்சா தூக்கமே வரலை பெரியம்மா."

"எனக்குந்தான்டா."

"என் பேருக்கு எழுதிட்டீங்கன்னா, உங்களை ராணி மாதிரி வெச்சுக் காப்பாத்துவேன்."

"இதைக் கேக்கவா இவ்வளவு தயக்கம்? நீ என் புள்ளைடா. நாளைக்கே போய்ப் பதிஞ்சிடலாம். அதுக்குள்ள அந்தக் கத்தரிப் பாத்தியை மட்டும் கொத்திடு."

கொத்தினான். மண் பறந்தது.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். காய்கறி வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. பெரியம்மா கையில் பெட்டியோடு அதில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எதுக்கு பெரியம்மா? பத்திரத்தை மட்டும் எடுத்துக்கிட்டா போதுமே."

"எந்தப் பத்திரம்? நானும் உன்னை மாதிரி தொண்டு செய்ய வந்தவதான்டா கண்ணு. சொந்தக்காரங்க வெளிநாட்டுல இருக்காங்க. விளம்பரமெல்லாம் அங்கேயிருந்தே போடுவாங்க. குடும்பப் பண்ணையில குடும்பத்தை மட்டும் நான் பார்த்ததே இல்லை."

உறவுக்காரன் வண்டியின் பக்கப் பலகையை எட்டிப் பிடித்தான்.

"நான் வந்தப்போ அந்தக் கொட்டகை நாற்காலியில ஒரு பெரியவர் இருந்தார். எனக்கு எழுதி வைப்பார்னு நம்பி நான் அள்ளாத சாணியா!"

"அவரு...?"

"அவரும் தொண்டுக்கு வந்தவர்தான். சரி, முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கோ."

வண்டி போய்விட்டது. உறவுக்காரன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். துரத்திப் போய் அவளைக் கொன்றுவிடலாமா, அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது படல் திறக்கும் சத்தம் கேட்டது.

புதுத் தொப்பியும் தோள்பையுமாக ஒரு பெண். அவள் பார்வை முதலில் கிணற்றிலிருந்து வேலி வரை அளந்தது. பிறகுதான் அவனிடம் வந்து கனிந்தது.

"தொண்டு செய்யலாம்னு வந்தேன். இவ்வளவும் உங்களோடதா, அண்ணா?"

அது என்ன ஜாதி 'அண்ணா' என்று தொழில்காரனுக்குத் தெரியாதா?

"ஆமா தங்கச்சி. எனக்கப்புறம் பார்த்துக்கத்தான் ஆளே இல்லை" என்று பெருமூச்சு விட்ட உறவுக்காரன், சாணக்கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.