மூன்று ஊதல்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு, தடுப்பணையின் அபாயச் சங்கைச் சோதனைக்காக ஒருமுறை ஊத வேண்டும். வெள்ளம் வந்தால் மூன்றுமுறை. தவசி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை ஊதி நிறுத்தியபோது, தொலைவில் ஆற்றுக்குள் துணி துவைத்துக்கொண்டிருந்த பூவாயி, இன்னொன்று என்று கையை உயர்த்திக் காட்டினாள். ஊதினான். மறுபடியும் காட்டினாள். அதையும் ஊதினான். துவைத்த பெண்கள் எல்லோரும் கையாட்டினார்கள். அன்றிலிருந்து சோதனைக்கும் மூன்றுதான். ஆறு வருடங்களாக யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

இன்று முதல் திங்கள். பதினொரு மணிக்குப் பொத்தானில் விரல் வைத்தபோது, மலையில் நீர்மட்டம் பார்க்கும் இசக்கி போன் செய்தான்.

"அண்ணே, இங்க கொட்டித் தீத்துருச்சு. மரத்தையெல்லாம் பேத்துக்கிட்டு வருது தண்ணி. பத்து நிமிஷம்கூட ஆகாது. சங்க ஊதுங்க."

இங்கே நல்ல வெயில். சுற்றி இறங்கிப் போய்ச் சொல்லக் கால் மணி நேரமாகும். தவசி மூன்றுமுறை ஊதினான். ஆற்றுக்குள் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கையாட்டினார்கள். மறுபடி மூன்று ஊதினான். பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நீளமாக ஊதினான். பூவாயி விளையாட்டாகக் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவன் வெளியே ஓடிவந்து மதகின்மேல் ஏறினான். "கரைக்கு ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று கத்தியபடி இரண்டு கைகளையும் வீசினான். குரல் அவ்வளவு தூரம் போகவில்லை.

பூவாயி பிழிந்துகொண்டிருந்த சேலையைப் பாறைமேல் வைத்துவிட்டு, அவளும் இரண்டு கைகளையும் வீசினாள்.