கணக்குக் கொப்பிகளோடு போன முயல்

"நாளைக்குப் பின்னேரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று செல்லையா சேர் சொல்லிவிட்டாராம்.

மகள் வந்து சொன்னதும் பாக்கியலெட்சுமி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் பொலீசுக்குப் பயப்படாத தாய்மாரும் செல்லையா சேருக்குப் பயப்படுவார்கள் என்று சொன்னால், அது பாதிதான் பகிடி. ஐந்தாம் ஆண்டுச் சோதனைக்கு அவர் நடத்தும் ஸ்கொலர்ஷிப் வகுப்பில் இடம் பிடிக்க ஒரு வருசம் முந்தியே சொல்லிவைக்க வேண்டும். நாலு மணி வகுப்புக்கு ஐந்து நிமிசம் பிந்தினால் பஸ் ஓடும் காலி வீதி வரை கேட்கக் கத்துவார். "ஈவிரக்கம் இல்லாத மனுசன்" என்பது தாய்மார் எல்லோரும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பு. ஆனாலும் பிள்ளையை அங்கிருந்து நிறுத்தியவர் ஒருவரும் இல்லை.

"என்னடி செஞ்ச?"

ஒன்பது வயதுக் கோகிலா நிலத்தைப் பார்த்தாள். "கணக்குக் கொப்பி திருத்தக் கேட்டாரும்மா. தெரியாம முயல் புத்தகத்தக் குடுத்துட்டேன்."

போச்சு!

பிழை தாயுடையதுதான். யுத்த காலம்; போன மாதம் விடியற்காலை ஆமிச் சுற்றிவளைப்பில் கோகிலாவின் அப்பா இராமரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொழும்பில் தமிழர் எடுக்கவேண்டிய பொலீஸ் பதிவெல்லாம் ஒழுங்காக இருந்ததால் பின்னேரமே அவர் திரும்பிவிட்டார். பிள்ளையின் தூக்கம்தான் திரும்பவில்லை. கதவு தட்டினால் கட்டிலுக்கு அடியில் போனாள். சந்தியில் துவக்கோடு ஆமி நிற்கும் சென்றியைக் கடக்கப் பயந்து, சுற்றுவழியால் நடந்து வகுப்புக்கும் பிந்தினாள்.

அப்போதுதான் பாக்கியலெட்சுமியின் கொட்டாஞ்சேனைச் சினேகிதி இமெல்டா ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொடுத்தாள். இடி இடித்தால் அலுமாரிக்குள் ஒளிகிற முயல்குட்டியின் கதை. கடைசிப் பக்கத்தில், 'உனக்கு எதற்கெல்லாம் பயம்? வெட்கப்படாமல் எழுது' என்று கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். கோகிலா அதில் ஏதோ எழுதினாள், தாய்க்குக் காட்டவில்லை.

நல்ல புத்தகம். ஆனால் அட்டையில் 'சின்ன மனசுக்கு மருந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததுதான் வில்லங்கம். பக்கத்து வீட்டு றஞ்சிதம் கண்டால், பிள்ளைக்கு விசர் என்று பொழுது படுவதற்குள் ஒழுங்கையில் கடைசி வீடு வரை தெரிந்துவிடும். ஆகவே பாக்கியலெட்சுமி மற்றக் கொப்பிகளுக்குப் போடுவது போலவே பிறவுண் பேப்பர் உறை போட்டு, 'கணிதம்' என்று லேபிளும் ஒட்டிவிட்டாள். பெரிய கெட்டிக்காரி!

மறுநாள் வகுப்பு முடியும் நேரம் மாடிப்படி முழுக்கத் தாய்மார். றஞ்சிதம்தான் முதல் ஆள்.

செல்லையா சேர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னம்மா?"

"கணக்குக் கொப்பிங்க சேர்..."

"கணக்குக் கொப்பிக்குள்ள முயலுக்கு என்ன வேலை?"

படியில் சிரிப்பு எழுந்தது. கோகிலா அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்தாள்.

பாக்கியலெட்சுமிக்கு எங்கிருந்தோ ரோசம் வந்தது. புத்தகத்தையா ஒளித்தேன்? என் பிள்ளையை அல்லவா ஒளித்து வைத்திருக்கிறேன்!

"பொய் சொல்லிட்டேன் சேர். எம்புள்ளைக்குப் பயம். கண்ணு முன்னாலயே அவ அப்பாவ ஏத்திக்கிட்டுப் போனாங்க. எந்தப் புள்ளைக்குத்தான் பயம் வராது? காய்ச்சலுக்கு மருந்து குடுத்தா ஒளிச்சு ஒளிச்சா குடுக்கிறோம்? இது பைத்தியமும் இல்ல, வெட்கமும் இல்ல. ஸ்கொலர்ஷிப் பாஸாகாட்டியும் பரவாயில்ல, எம்புள்ள நிம்மதியாத் தூங்கணும். வகுப்ப விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்துங்க!"

சிரிப்பு நின்றுவிட்டது. சேலைத் தலைப்புக்குள் இருந்த முகமும் வெளியே வந்தது.

றஞ்சிதம் மெல்லப் பக்கத்தில் வந்தாள். "பாக்கியம், இந்தப் புத்தகம் எங்க எடுக்கலாம்? பட்டாசு வெடிச்சாலே என்ர பெடியன் குசினிக்குள்ள ஓடி ஒளிக்கிறான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

"எனக்கும் ஒண்டு வேணும்" என்றது பின்னால் ஒரு குரல். பிறகு இன்னொன்று.

பாக்கியலெட்சுமி நிமிர்ந்து நின்றாள். இந்த ஒரு மாதத்தில் அவள் இப்படி நின்றதில்லை.

செல்லையா சேர் தொண்டையைச் செருமினார். "நிப்பாட்டுறதுக்கு ஆர் கூப்பிட்டது? நான் திருத்தினதைத் தாய் பாக்கவேணும், அவ்வளவுதான். கடைசிப் பக்கம்."

புத்தகத்தை நீட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாயும் மகளும் சேர்ந்து பிரித்தார்கள். கோகிலாவின் பென்சில் எழுத்து:

1. கதவு தட்டுற சத்தம்
2. சென்றி
3. செல்லையா சேர்

மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தார். அதன்கீழே அவருடைய உருண்டை எழுத்து:

'மூன்றும் சரி. நாலாவது என்னுடைய பயம்: நாலு மணி தாண்டியும் ஒரு பிள்ளையின் கதிரை காலியாகக் கிடப்பது. பிள்ளைக்கு என்ன நடந்ததோ என்று நெஞ்சு பதறும்போது எனக்குக் கத்தத்தான் தெரிகிறது. கோகிலா, நாளையிலிருந்து உன் வீட்டு வாசலுக்கே வருகிறேன். சென்றியை இரண்டு பேருமாகக் கடப்போம்.'

கோகிலா இரண்டு தரம் வாசித்தாள். பிறகு பையைத் துழாவி அழிறப்பரை எடுத்து, மூன்றாவதைத் தேய்த்து அழித்தாள்.

பென்சில் எழுத்து போய்விட்டது. சேர் போட்ட சிவப்புச் 'சரி' மட்டும் அங்கேயே இருந்தது.