எழுத்தின் அளவு

தலைப்பு இன்னும் இடப்பக்கமாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஓர் எண்ணை மாற்றினாள். சேமித்தாள். தலைப்பு நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. அப்பாடா!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து பிளாட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சிரிப்பும் பிரியாணி வாசனையும் சுவர் தாண்டி வந்தன. இவள் வீட்டில் காலையில் ஊற்றிய தோசை ஒன்று மூடி வைத்தபடி கிடந்தது.

வலைப்பூவுக்குப் புது டெம்ப்ளேட். பின்னணி வெளிர்சாம்பல். எழுத்து பொடியாக, நாசூக்காக.

ஆள் வராத வீட்டுக்கு வெள்ளையடிப்பு எதற்கு என்று கேட்கக்கூட ஆளில்லை.

போன வருஷம் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு பதிவு எழுதினாள். வினை அங்கே ஆரம்பித்தது. அதற்குக் கீழே அக்கா ஊரறியப் பின்னூட்டம் போட்டாள்.

“பாத்துக்கிட்டது நானு. கதை எளுதுதது நீயா?”

சுரீரென்றது. அன்றைக்கே டெம்ப்ளேட்டில் ஒரு வரி சேர்த்துப் பின்னூட்டப் பகுதியையே மறைத்தாள். அறிவிப்பு மின்னஞ்சலை நிறுத்தினாள். அக்காவின் நம்பரையும் போனில் பிளாக் செய்தாள்.

பேச இடமில்லாத வலைப்பூவுக்கு யார் வருவார்கள்? வந்துகொண்டிருந்த நாலு பேரும் நின்றுபோனார்கள்.

கோபம் ஆறியதும் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டாள். எடுத்தது அக்காவுக்கு எப்படித் தெரியும்? அழைப்பு வரவில்லை. அக்கா தன்னைத் தலைமுழுகிவிட்டாள் என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள். தானாக அழைக்க ரோஷம் விடவில்லை. அந்த ரோஷத்தில் மட்டும் இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

டெம்ப்ளேட் மாற்றினால் போனில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட வேண்டும். அரிச்சுவடிப் பாடம். அவள் என்றைக்கும் கணினியில் எழுதி, கணினியிலேயே பார்த்து மூடிவிடுவாள். இன்று வேறு வேலையில்லை. போனை எடுத்தாள்.

புது டெம்ப்ளேட்டைக் காணோம். வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. போனுக்கென்று தனி டெம்ப்ளேட் ஒன்று இருந்திருக்கிறது. இத்தனை நாளாக இவள் செய்த எந்த மாற்றமும் அதைத் தொடவில்லை.

பின்னூட்டத்தை மறைக்கச் சேர்த்த வரியும்தான்.

அம்மாவைப் பற்றிய அந்தப் பதிவுக்குக் கீழே அக்கா இருந்தாள்.

“ஏட்டி, கோவத்துல சொல்லிட்டேன்.”

அடுத்த பதிவைத் திறந்தாள்.

“போன் போட்டா போவ மாட்டேங்கு. சாப்ட்டியா?”

அடுத்தது.

“மழையப் பத்தி நல்லா எளுதிருக்க. அம்மா இருந்தா வாசிக்கச் சொல்லிக் கேட்டுருப்பா.”

ஒரு பதிவு விடவில்லை. அக்காவிடம் ஏது கணினி? எல்லாம் அந்தக் கீறல் விழுந்த போனில்தான். வாசிக்க யாருமில்லை என்று நினைத்து இவள் எழுதியதையெல்லாம் அங்கே ஒருத்தி உட்கார்ந்து வாசித்திருக்கிறாள்.

“அடிப்பாவி,” என்றாள் வாய்விட்டு. தன்னைத்தான் சொன்னாள்.

ஆடி மாதப் பதிவோடு பின்னூட்டங்கள் நின்றிருந்தன. கடைசியாக இருந்தது இது.

“கண்ணுல பொரை விளுந்திருக்காம். எளுத்து பொடிசாத் தெரியுது. கொஞ்சம் பெருசாப் போடேன்ட்டி.”

இப்போது தை.

அக்காவின் நம்பரை அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரையில் யார் பெயர் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்குமா?

அழுகை வந்தது. அழுதுகொண்டே கணினியின் முன் உட்கார்ந்தாள்.

மறைத்த வரியை அழித்தாள். போனுக்கும் இதே டெம்ப்ளேட் என்று மாற்றினாள். எழுத்தின் அளவைக் கூட்டினாள். சேமித்துவிட்டுப் போனில் பார்த்தாள். போதாது. இன்னும் கூட்டினாள். கஷ்டப்பட்டு நடுவில் உட்கார்த்திய தலைப்பு இரண்டாக உடைந்து கீழே இறங்கியது.

இறங்கட்டும்.

புதிதாக ஒரு பதிவு போட்டாள். போனின் திரை முழுக்க அந்த ஒரு வரிதான் நின்றது.

“அக்கா, இப்பத் தெரியுதா?”