சாப்பாட்டுக்கு முன்

குவைத்தில் லாரி ஓட்டும் அருள்தாஸ் மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது, கையும் காலும் முன்போலவே மெலிந்திருந்தன. வயிறு மட்டும் சட்டைப் பொத்தான்களைத் தள்ளிக்கொண்டு நின்றது. அங்கே எவளோ சமைத்துப் போடுகிறாள் என்று அவன் மனைவி ரெஜினாவுக்குத் தோன்றியது. கேட்டதற்கு, "நாள் பூரா உக்காந்தே ஓட்டுறேன். கெடச்ச நேரத்துல பரோட்டா. வேற என்னட்டி?" என்றான். ஆனால் தட்டு வைத்ததும் ஒவ்வொரு வேளையும் ஷேவிங் பையோடு குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டான். அந்த எவளோடோ பேசும் போன் அந்தப் பைக்குள் இருக்கிறது என்றே ரெஜினா நினைத்தாள்.

ஒருநாள் மதியம் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவைத் தள்ளினாள். சட்டை நுனியைப் பல்லில் கவ்வியபடி, தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறு கையில் பேனா போல ஓர் ஊசி.

"சுகரு," என்றான். "ஒனக்குத் தெரிஞ்சா திரும்பப் போவ விடமாட்ட."

"அங்க யாரு போட்டுவிடுவா?"

"யாரு இருக்கா? நானேதான்."

அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ஊசியை வாங்கி, அவன் காட்டிய இடத்தில் சதையைச் சேர்த்துப் பிடித்தாள்.

"வலிக்குமா?"

"பழகிட்டு."

அதை மட்டும் அவள் நம்பவில்லை.