டெஸ்மோக்ளின் எந்த ஊருப் பிள்ளை?

இலை மாற்றும் நேரம். விஜிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

முதுகிலிருந்து பழைய இலை மெல்ல விலகியது. புதியது வந்தது. எண்ணெய் தடவிய குருத்திலை, நல்ல குளிர்ச்சி. துணி விரித்தால் தோல் துணியோடு போய்விடும். அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் படுக்கை வாழையிலைதான்.

இலை போடும் கைகளில் உறை. மருந்து பூசும் கைகளிலும் உறை.

உறை போடாத கை ஒன்று அவள்மேல் பட்டு இருபத்திரண்டு நாளாயிற்று.

கடைசியாகப் பட்டது புருஷன் கை. குளியலறை வாசலில் அவள் தடுமாறினாள். பென்சிகர் சட்டென்று முழங்கையைப் பிடித்தான். கையை எடுத்தபோது அவன் உள்ளங்கையில் அவள் தோல் ஒட்டியிருந்தது.

அதை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே நின்றான், பாவம்.

அதன்பிறகும் தினமும் வந்தான். கட்டிலருகே நிற்பான். கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொள்வான்.

முதல் வாரம் சின்ன டாக்டரம்மா வந்து நோயைச் சொன்னாள்.

"டெஸ்மோக்ளினை இவங்க உடம்பே எதிரின்னு நினைச்சு அடிக்குது."

பென்சிகருக்குச் சுருக்கென்றது. "நாங்க யாரையும் அடிக்கல்ல டாக்டர். அந்தப் பிள்ள எந்த ஊரு?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் பக்கத்தில் பாதிப் பெண்பிள்ளைகள் லின்னில்தான் முடிவார்கள். ஜெஸ்லின், ஆஸ்லின், ஷெர்லின். அவன் மகளே பெவிலின். பென்சிகரில் கொஞ்சம், விஜிலாவில் கொஞ்சம், மிச்சத்துக்கு ஒரு லின். டெஸ்மோக்ளின் என்றால் அடுத்த சர்ச்சுப் பங்கில் யாரோ டெஸ்மண்டின் மகளாக இருக்கும் என்றுதான் நினைத்தான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை விஜிலாவுக்குப் பிடித்துப்போயிற்று.

சிரிக்காமல், ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டாள்.

தோல் முழுக்கச் செல்கள். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் டெஸ்மோக்ளின் என்னும் புரதங்கள். பாதி உடம்பு சுவருக்கு உள்ளே, பாதி வெளியே. உள்ளே இருக்கும் கால் செல்லின் கயிறுகளோடு சேர்த்துக் கட்டியிருக்கும். வெளியே நீளும் கைக்கு ஐந்து கணு. கணுக்களுக்கு நடுவே கால்சியம் வந்து உட்கார்ந்தால்தான் கை தொய்யாமல் நிற்கும். நின்றால், பக்கத்துச் செல்லிலிருந்து அதேபோல் நீண்டு வரும் கையைப் பற்றிக்கொள்ளும்.

வேறு வேலையே கிடையாது அதற்கு. பற்றிக்கொள்வது ஒன்றுதான்.

அவள் ரத்தம் அந்தக் கைகளைத் தட்டி விட்டுக்கொண்டிருந்தது.

மாத்திரை இரவுத் தூக்கத்தைத் தின்றுவிட்டது. பகலில் கண்ணைத் திறந்தபடியே கனவு வந்தது.

தோலுக்குள் இறங்கி நடக்கிறாள். வெள்ளை கவுன் போட்ட பிள்ளைகள், சர்ச்சில் முதன்முதல் புதுநன்மை வாங்க நிற்பதுபோல் வரிசை வரிசையாய். முடிவே தெரியாத வரிசை. எல்லாருக்கும் பெயர் லின்னில் முடிகிறது. ஒருத்தியும் அடுத்தவளைப் பிடிக்கவில்லை. கைகள் தொங்கிக் கிடக்கின்றன.

அவள் ஒவ்வொருத்தி முன்னாலும் நிற்கிறாள்.

தெரியாம அடிச்சிட்டேன் மக்களே, என்கிறாள். என் பிள்ளைகள்னு தெரியல்ல.

வெள்ளை கவுன்கள் மட்டும் லேசாய் அசைகின்றன. அங்கே காற்று ஏது என்று அவள் யோசிப்பதற்குள் நர்ஸ் வந்து சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்வாள்.

கனவுதான். ஆனாலும் அழுதாள். கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

புதிய கொப்புளம் வராமல் ஆறு நாளாயிற்று.

"பாப்பாவைக் கொண்டு வரலாம். ஒட்டுற நோயில்ல இது" என்றாள் டாக்டரம்மா.

ஏழு மாதப் பிள்ளை. பென்சிகர் அவளைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் ஒரு துண்டின்மேல் கிடத்தினான். புட்டிப்பாலில் கன்னம் வைத்திருந்தாள். விஜிலாவுக்குத் தன்னை மறந்திருப்பாள் என்று பயமாக இருந்தது.

பிள்ளை அவளை உற்றுப் பார்த்தது. இந்த முகம் தெரியுமா தெரியாதா என்று சொல்லாத பார்வை.

பிறகு கையை வீசி, அவள் சுட்டுவிரலைப் பிடித்துவிட்டது.

பென்சிகரின் கைகள் முதுகிலிருந்து பாய்ந்து வந்தன. பாதி வழியில் நின்றன. பிரித்துவிடப் போனவன், யாரைத் தொடுவது என்று தெரியாமல் திகைத்தான்.

"இருக்கட்டும்."

வாயெல்லாம் புண். அன்று அவள் பேசிய முதல் சொல் அது.

பிள்ளை பிடியை இறுக்கியது. விரலைத் தன் பக்கம் இழுத்தது. வெட்டாத நகங்கள். விஜிலா மூச்சை அடக்கிக்கொண்டாள். உடம்பு மொத்தமும் அந்த ஒரு விரலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"வலிக்கா?" என்றான் பென்சிகர்.

அவள் தலையசைத்தாள். வலித்தது. சாதாரண வலி. எல்லாருக்கும் வலிப்பதுபோல் வலித்தது.

இலையின் ஓரம் சலசலக்கவே பிள்ளைக்குக் கவனம் அங்கே போயிற்று. விரலை விட்டுவிட்டது.

பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பென்சிகர்தான் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

நான்கு நகக்குறிகள். சிவந்திருந்தன. தோல் இருந்த இடத்தில் இருந்தது.

நிமிர்ந்தபோது அவன் கைகள் பழக்கத்தில் மறுபடியும் பின்னால் போயின.

அவள் இலையின்மேல் மெதுவாகக் கையைத் திருப்பி, உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"இனி நீங்க."