டாபர்மேன் கடி

"எந்த நாயி? சொல்லு பாப்பாத்தி, எந்த நாயி?"

மேஸ்திரி கண்ணாயிரம் கையில் சவுக்குக் கட்டை. அவன் பின்னால் இன்னும் மூணு பேர். அவங்க கையிலும் கட்டை.

பாப்பாத்தி உப்பளத்து வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்கிற அமராவதி, குடத்துத் தண்ணியை ஊற்றி ஊற்றிக் கழுவினாள்.

"அந்தச் செவல நாய்தானே? ஓலைக் கொட்டாயில குட்டி போட்டுக் கெடக்குதே, அதுதானே? இன்னியோட அதுக்கு முடிவு கட்டிடறேன்."

சுனாமிக்கு அப்புறம் எங்கிருந்தோ வந்து உப்பளத்தோடு ஒட்டிக்கொண்ட நாய் அது.

போன மாசம் இப்படித்தான், யாரையோ கடிச்சுதுன்னு ஒரு கறுப்பு நாயை அடித்தே கொன்றார்கள். கடித்தது அதுதானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"செவல இல்ல" என்றாள் பாப்பாத்தி. "முதலாளி வூட்டு ராக்கி."

கட்டைகள் எல்லாம் மெதுவாகக் கீழே இறங்கின.

ராக்கி டாபர்மேன் ஜாதி நாய். முதலாளி தட்சணாமூர்த்தி மெட்ராசுக்குப் போய்க் காரில் வைத்துக் கொண்டுவந்தது. அதன் மேல் கட்டையை ஓங்க யாருக்குத் துணிச்சல் வரும்?

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் கண்ணாயிரம். "அந்த ஜாதி நாயே அப்படித்தான். அதுக்கு மூளை வளந்துக்கினே போவும், மண்டை பத்தாது. கிறுக்குப் புடிச்சு, வளத்தவனையே கடிக்கும்."

"உனக்கு அந்தக் கவல இல்ல மேஸ்திரி" என்றாள் அமராவதி. "உன் மண்டையில எடம் நெறையா காலியாத்தான் இருக்குது."

சிரிப்பு அடங்கியதும் கண்ணாயிரம் குனிந்து மெல்லச் சொன்னான்.

"ஏம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. முதலாளி நாயைக் கைகாட்டிட்டு நாளைக்கு அவர் பாத்தியில போய் எப்படி எறங்குவ? வேலை போயிடும்."

பாப்பாத்திக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு முதலாளியும் கிடையாது.

"போனாப் போவுது. ராக்கிதான் கடிச்சிது."

அதற்குள் யாரோ போய்ச் சொல்ல, தட்சணாமூர்த்தியே பைக்கில் வந்துவிட்டார்.

"என் ராக்கியா கடிச்சுது?"

"ஆமாங்க முதலாளி."

அவர் பாப்பாத்தியைப் பார்த்தார். கண்ணாயிரம் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார்.

"கேட்டைத் தாழ்ப்பா போட மறந்துட்டேன்போல. இனிமே சங்கிலிதான். போங்கப்பா, போய் வேலையப் பாருங்க. பாப்பாத்தி, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு ஊசி விடாம எல்லாத்தையும் போட்டுக்க."

"உங்க நாய்க்குத்தான் வருசா வருசம் தடுப்பூசி போடுறீங்களே முதலாளி?" என்றான் கண்ணாயிரம்.

"சொன்னதைச் செய்யச் சொல்லுப்பா."

மறுநாளிலிருந்து ராக்கி சங்கிலியில் கிடந்தது. முதலாளி வீட்டு வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி ஓடினார்கள். டீக்கடையில் கண்ணாயிரம் டாபர்மேன் மூளையைப் பற்றி நாள் தவறாமல் விளக்கம் சொன்னான்.

பாப்பாத்தி மட்டும் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். அமராவதிக்கு அது பொறுக்கவில்லை.

"அதான் ஊசி போட்ட நாயாச்சேக்கா? மொத ஊசியோட விட்டுட்டுப் போவியா, ஊர் பாக்கக் கட்டுப் போட்டுக்கினு நொண்டி நொண்டிப் போற. சுனாமி வந்தப்ப நம்ம எல்லாருக்கும் சோறு போட்ட மனுசன். அவர இப்படியா அசிங்கப்படுத்துவ?"

"எனக்கு பயம் புள்ள" என்றாள் பாப்பாத்தி.

கடைசி ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்த சாயங்காலம், முதலாளியின் பைக் அவள் பக்கத்தில் வந்து நின்றது.

"ஊசி எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க முதலாளி."

"செவல எப்படி இருக்குது? குட்டியெல்லாம் கண்ணு தொறந்துடுச்சா?"

பாப்பாத்தி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ராக்கி அன்னிக்கு ஊர்லயே இல்ல பாப்பாத்தி. மொத நாளே பாண்டியில என் மச்சான் வூட்டுல விட்டுட்டு வந்திருந்தேன். நீ சொன்னதுக்கு அப்புறம், ராத்திரியோட ராத்திரியாப் போய்க் கூட்டியாந்து கட்டிப் போட்டேன்."

அவள் தலை தானாகக் குனிந்தது.

"உப்பு மேல மூட ஓலை உருவப் போனேங்க. பாக்காம குட்டி மேல கால வச்சிட்டேன். பெத்தவளாச்சே, புடிச்சிடுச்சு. இவங்க கட்டையோட வந்து நின்னாங்க. உங்க நாய்னா யாரும் தொட மாட்டாங்கன்னு... வாயில அதான் வந்துதுங்க. வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திடுங்க."

"நிறுத்துறதுக்கா அன்னிக்குத் தலையாட்டுனேன்? நானும் அந்தக் கட்டையப் பாத்துட்டுத்தானே ஆமாம்னு சொன்னேன்."

பாப்பாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தட்சணாமூர்த்தி பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

"ராக்கிக்குத்தான் பாவம், எதுக்குக் கட்டிக் கெடக்கறோம்னே தெரியல. காலைல வூட்டுக்கு வந்து உன் கையாலயே அவுத்து வுட்டுடு."

பாப்பாத்தி ரெண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ, நான் மாட்டேங்க முதலாளி! டாபர்மேன் ஜாதியாச்சே, கடிச்சிடாது?"