சுழலுக்குள் போன சட்டை

பார்வை மேடையில் நின்றவர்கள் அலறினார்கள். அருவிக்குக் கீழே ஒரு கருப்புச் சட்டை உப்பி மிதந்து, சுழலுக்குள் போனது.

"ஆள் முங்கிட்டான்வே!"

வனக் காவலர் தேவேந்திரன் குதித்தார். தேடிவிட்டு வெறுங்கையோடு மேலே வந்தார்.

"அங்கன தேடாதீரும்!" சுற்றிப் பார்க்க வந்த தளவாய் மேடையிலிருந்து கைகாட்டினார். "விழுற தண்ணி அடிவரைக்கும் போய்த் திரும்பும். அந்தப் பாறைக்குக் கீழதான் எல்லாத்தையும் கொண்டு செருகும்."

தேவேந்திரன் அங்கே முங்கினார். வெகுநேரம் குமிழிகூட வரவில்லை.

"அவருக்குச் சின்னப் பிள்ளைக இருக்கே!" சீட்டு கொடுக்கும் பெண் அழ ஆரம்பித்தாள்.

ஒருவழியாகத் தலை தெரிந்தது. நெற்றியில் ரத்தம். கையில் அந்தச் சட்டை.

"நீங்க சொன்ன இடம் சரிதான் அண்ணாச்சி. ஆளைத்தான் காணல." சட்டையை மேடையில் எறிந்தார். "இன்னொரு தடவ முங்கிப் பாக்கேன்."

தளவாய் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார்.

அவர் மனைவி தனலட்சுமி குனிந்து, கருப்புச் சட்டையிலிருந்த ஒற்றை வெள்ளைப் பொத்தானைத் தடவினாள்.

"ஐயா, முங்காதீக! இது நான் தச்ச பொத்தான்." கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அருவிக்கு மேல குளிச்சிட்டு, பாவம் போகட்டும்னு நீங்க ஆத்தோட விட்ட சட்டைலா இது?"